எருமைக்கு வந்த பாசிச்சொறியும் எல்லாரும் சொன்ன மருந்தும்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். உரக்கச் சொல்லுகிற கதை இல்லை இது. சொறி, சிரங்கு என்று வெளியே காதில் விழுந்தால் போதும், நாலு பேர் மருந்து சொல்ல உள்ளே வந்துவிடுவார்கள்.

அந்தக் காலத்தில் மாடும் பேசும், மீனும் பேசும். எருமைக்கு அப்போது சேறு என்றாலே ஆகாது. குளத்தில் இறங்கினாலும் முழங்கால் தண்ணீரோடு கரையேறிவிடும். உடம்பும் சந்தனத்தை அரைத்துப் பூசின மாதிரி இருக்கும். ஏரிக்கரையில் அப்படி ஓர் எருமை, பெயரே சந்தனத்தாள். தலைச்சன் கன்று ஈன்று பத்து நாள்தான் ஆகியிருந்தது. கன்றுக்குப் பொம்மி என்று பெயர்.

பதினோராம் நாள் சந்தனத்தாளின் விலாவில் ஒரு வட்டம் கண்டது. பச்சைப் பசேலென்று, தொட்டால் வழுக்குகிற பாசி. அதுதான் பாசிச்சொறி. இப்போது அந்த நோய் கிடையாது, அப்போது இருந்தது. அரிப்பென்றால் அப்படியோர் அரிப்பு. மரத்தில் போய்த் தேய்த்தால் மரம்தான் தேயும். மந்தைக்கு மூத்தவள் வந்து பார்த்தாள். கடைசி வட்டம் உதிர்கிறவரை கன்று மடியில் வாய் வைக்கக் கூடாது, வைத்தால் கன்றுக்குக் கண்ணிலேயே பாசி பிடித்துவிடும் என்று சொல்லிப் பொம்மியை எதிர்க்கரைக்குக் கூட்டிப் போய்விட்டாள். அங்கே மற்ற எருமைகள் தங்கள் கன்றுக்குப் போக மிச்சம் கொடுத்த பாலில் அது நாளுக்கு நாள் மெலிந்தது. இங்கே தாய்க்குப் பால் கட்டி மடி கல்லாகிவிட்டது.

அந்தக் கரையில் ஒரு வழக்கம். நோய் கண்டவரைப் பார்க்கப் போனால் ஒரு மருந்தாவது சொல்லிவிட்டுத்தான் திரும்ப வேண்டும். தெரியாவிட்டாலும் சொல்ல வேண்டும். ஆமை வந்து சாம்பலைக் குழைத்துப் பூசச் சொன்னது. உடும்பு வந்து, சாம்பலா பூசினாய், கெட்டது போ, எருக்கம்பாலை வை என்றது. நத்தை முதல் நாளே புறப்பட்டு ஆறாம் நாள் வந்து சேர்ந்து, இத்தனை நாள் ஒன்றும் செய்யாமலா இருந்தாய் என்று கோபித்துக்கொண்டது. காகம் தினம் மூன்று தடவை வரும். "எங்கள் சின்னம்மாவுக்கும் இதே மாதிரிதான் வந்தது," என்று தொடங்கும். சின்னம்மா பிழைத்தாளா என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடும்.

சந்தனத்தாள் எல்லாம் செய்து பார்த்தாள். ஒரு வட்டம் மூன்றாகி, மூன்று முப்பதாகி, கழுத்துவரை ஏறிவிட்டது.

பக்கத்தில் ஒரு மூங்கில் கழி. அதில் உட்கார்ந்து, அவள் மேல் மொய்க்கிற ஈயைப் பிடித்துத் தின்கிற கரிச்சான் குருவி ஒரு விஷயத்தைக் கவனித்தது. யாராவது மருந்து சொல்லி வாய் மூடியதும் ஒரு புது வட்டம் வருகிறது. பூசினாலும் வருகிறது, பூசாவிட்டாலும் வருகிறது. நடுவில் இரண்டு நாள் அடைமழை. பார்க்க ஒருவரும் வரவில்லை. ஐந்து வட்டம் தானே காய்ந்து உதிர்ந்தது. மழை விட்டது, காகம் வந்தது, வட்டமும் வந்தது.

"அக்கா, இந்தச் சொறிக்குத் தீனியே இவர்கள் சொல்கிற மருந்துதான்," என்றது கரிச்சான். "இனிமேல் வராதீர்கள் என்று சொல்லிவிடு."

"எப்படித் தம்பி சொல்லுவேன்? வேலையை விட்டுவிட்டு என் நல்லதுக்குத்தானே வருகிறார்கள்."

"உன் பிள்ளை அங்கே எலும்பு தெரிய நிற்கிறது."

அவள் எதிர்க்கரையைப் பார்த்தாள். பிறகு, என்ன செய்யட்டும் என்று கேட்டாள்.

"சேற்றில் இறங்கிப் படு. மூக்கு மட்டும் வெளியே இருக்கட்டும். கண்ணுக்குத் தெரியாத நோய்க்கு எவர் மருந்து சொல்லுவார்?"

அது சொல்லி முடித்ததும் அவள் காதோரம் ஒரு வட்டம் முளைத்தது.

"நீயுமா?" என்றாள்.

"இதுதான் கடைசி. இறங்கு அக்கா."

இறங்கினாள். ஆமை வந்து தேடிவிட்டுப் போனது. உடும்பு அவள் மூக்கைக் கல்லென்று நினைத்து மிதித்துக்கொண்டு போனது. அவள் மூச்சு விடவில்லை. ஒன்பது நாளில் மற்றதெல்லாம் உதிர்ந்து, முதுகில் ஒன்றே ஒன்று பாக்கி. சந்தன நிறம் போய்ச் சேற்று நிறம் ஏறிவிட்டது, அதை யார் பார்த்தார்கள்? பத்தாம் நாள் காலையில் மூத்தவள் பொம்மியைக் கூட்டி வந்து கரையில் நிறுத்தினாள். வட்டம் ஓரத்தில் பெயர்ந்து நின்றது. காற்றடித்தால் விழுந்துவிடும். சந்தனத்தாள் மெல்ல எழுந்து முதுகைக் காட்டினாள்.

அந்த நேரம் பார்த்து வந்தது காகம்.

"அடடா, முதுகில் என்ன அது? அதற்கு நான் ஒன்று சொல்கிறேன், கேள்," என்று அலகைத் திறந்தது.

அடுத்த சொல் வரவில்லை. கரிச்சான் கழியிலிருந்து பாய்ந்து அதன் பிடரியில் ஒரு போடு போட்டது. காகம் பனைமரத்துக்கு ஓடியது. அங்கேயிருந்து சொல்லலாமென்று வாயெடுத்தது. கரிச்சான் அங்கேயும் போனது. கரை தாண்டி, காடு தாண்டி விரட்டியது. இங்கே வட்டம் உதிர்ந்தது, பொம்மி மடியை முட்டிக்கொண்டு குடித்தது.

அன்று பிடித்துத்தான் எருமை சேற்றைக் கண்டால் எழுந்திருக்க மனமில்லாமல் கிடக்கிறது. கரிச்சானும் பழைய கழியை விட்டு அதன் முதுகுக்கே குடிவந்துவிட்டது. காகம் தூரத்தில் தெரிந்தால் போதும், என்ன சொல்ல வருகிறாய் என்றுகூடக் கேட்காமல், எழும்பிப் போய்ப் பிடரியில் ஒரு கொத்து கொத்திவிட்டு வந்து உட்கார்ந்துகொள்கிறது.