எந்தத் தண்ணீர்?

"மேடம், என் வேலை வீணாப் போச்சு," என்றாள் சுடர்விழி.

கோடை ஆய்வுப் பயிற்சி மறுநாளோடு முடிகிறது. பேராசிரியர் அமலோற்பவம் தொட்டியடியில் நின்று கண்ணாடிக் குடுவை கழுவிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"எது போச்சு?"

சொன்னாள். தண்ணீரிலிருந்து, பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடை நீக்க ஒரு வடிகட்டி செய்வதற்காகத்தான் விருதுநகர்க் கல்லூரியிலிருந்து இந்தச் சென்னை ஆய்வகத்துக்கு வந்திருந்தாள். முட்டை ஓட்டைச் சுட்டு, பொடித்து, பக்குவம் செய்து குழாயில் நிரப்பினாள். காய்ச்சி வடித்த நீரில் ஃபுளோரைடைக் கலந்து ஊற்றிப் பார்த்தபோது அநேகமாக எல்லாமே நீங்கிவிட்டது. அன்றைக்கு வீட்டுக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொன்னாள். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள்.

பிறகு தருமபுரிப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கேனில் வந்து இறங்கியது.

அதில் பாதிகூட நீங்கவில்லை.

திரும்பத் திரும்பச் செய்தாள். அதே கதைதான். சாப்பாடு மறந்து காரணத்தைத் தேடினாள், கண்டுபிடித்தும் விட்டாள். ஆனால் காரணம் தெரிந்து என்ன பயன்? பக்கத்து மேசைப் பையன் சாயத் தண்ணீரைப் பளிங்கு மாதிரி ஆக்கி வைத்திருக்கிறான். நாளைக்கு எல்லாரும் மேடையேறித் தங்கள் முடிவைச் சொல்ல வேண்டும்.

"காய்ச்சி வடிச்ச தண்ணியோட வரைபடத்தை மட்டும் காட்டினாப் போதாதா மேடம்? அதுவும் பொய் இல்லையே."

அமலோற்பவம் கையைத் துடைத்தார். கைபேசியை எடுத்து யாரையோ அழைத்தார்.

"சார், உங்க தண்ணியைச் சோதிச்ச பொண்ணு பேசுது," என்று சொல்லிவிட்டுக் கைபேசியை அவளிடம் நீட்டினார்.

மறுமுனையில் அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர் குப்புராஜ்.

"சொல்லும்மா. வடிகட்டினா பிள்ளைங்க குடிக்கலாமா?"

சுடர்விழி திரும்பி மேடத்தைப் பார்த்தாள். அவர் மறுபடி குடுவை கழுவப் போய்விட்டார்.

"வேண்டாம் சார். என் வடிகட்டி உங்க தண்ணிக்குப் போதாது."

அவர் போனை வைத்துவிடுவார் என்று நினைத்தாள். வைக்கவில்லை. ஏன் என்று கேட்டார்.

அவர் தண்ணீரில் பைகார்பனேட் உப்பும் ஏராளம் என்றாள். ஃபுளோரைடு உட்கார வேண்டிய இடத்தில் அது துண்டு போட்டு இடம் பிடித்துவிடுகிறது என்றாள். குப்புராஜ் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளே பல்லில் பழுப்புக் கறையோடு வாயை மூடிச் சிரிக்கிறார்கள் என்றார். வடிகட்டி விற்கிற ஒருவர் வந்து வந்து போகிறாராம். எல்லாவற்றையும் நீக்கிவிடும் என்று அச்சடித்த தாளைக் காட்டுகிறாராம். அதை வாங்கிவிட்டால், வெளியிலிருந்து வரும் லாரித் தண்ணீரை நிறுத்திவிடலாம் என்று ஊரில் பேச்சு.

"அவர்கிட்ட நான் என்னம்மா கேக்கணும்?"

சுடர்விழி யோசிக்கவே இல்லை.

"எந்தத் தண்ணியில சோதிச்சீங்கன்னு கேளுங்க சார். உங்க கிணத்துத் தண்ணியில செஞ்சு காட்டச் சொல்லுங்க. அதுவரைக்கும் லாரித் தண்ணியை நிறுத்த விடாதீங்க."

அவர் அதை ஒருமுறை தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டார். அவள் பெயரைக் கேட்டார். நல்லாயிரும்மா என்று சொல்லி வைத்தார்.

மேடம் கைபேசியை வாங்கிக்கொண்டார். ஈரக் குடுவையைக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் புறப்பட்டார்.

மறுநாள் மேடையில் சுடர்விழி கிணற்றுத் தண்ணீரின் வரைபடத்தைத்தான் முதலில் காட்டினாள். எங்கே தோற்றது, ஏன் தோற்றது, எல்லாவற்றையும் நிமிர்ந்து நின்று சொன்னாள். பிறகுதான் காய்ச்சி வடித்த நீரின் வரைபடம்.

அவள் முடித்ததும் முன்வரிசையில் இருந்த வெளியூர் விஞ்ஞானி ஒருவர் மைக்கை வாங்கினார். இந்தத் தண்ணீருக்கு அடுத்து என்ன செய்யலாம் என்று அமலோற்பவத்தைப் பார்த்துக் கேட்டார்.

சுடர்விழியும் மேடத்தைத்தான் பார்த்தாள்.

கோடை முழுக்க அவளை 'நீ' என்றே கூப்பிட்டு வந்த அமலோற்பவம், இருக்கையை விட்டு எழாமல் அவளிடம் சொன்னார்:

"என்னை ஏன் பாக்குறீங்க? உங்க ஆய்வு. நீங்க சொல்லுங்க."