கூரன் கொடுத்த காளான்

சந்தன மரங்கள் அடர்ந்த ஒரு காட்டில் கூரன் என்றொரு முள்ளம்பன்றி வாழ்ந்தது. அதற்கு ஓவியம் என்றால் உயிர். உதிர்ந்த முள்ளைச் செம்மண் குழம்பில் தோய்த்துப் பாறையில் படம் வரையும்.

ஒரு மழைக்காலத்தில் பசி தாங்காமல், புற்றோரம் முளைத்திருந்த நீலக் காளானைத் தின்றுவிட்டது. சற்று நேரத்தில் காடே மாறியது. இலைகள் மூச்சு விட்டன. மழைத்துளிகள் பாடின. எதிரே, கொம்புகளுக்கு நடுவில் சூரியனை ஏந்திய கலைமான் ஒன்று நின்றது. கூரன் அழுதுவிட்டது.

மயக்கம் தெளிந்ததும் ஏழு நாள் உட்கார்ந்து, கண்டதை அப்படியே வரைந்தது. விலங்குகள் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தன. யானைகூடத் துதிக்கையைத் தூக்கி வணங்கியது.

தந்திரக்கார நரி பாறைமேல் தாவி ஏறியது. "இது வெறும் படமா? நம் காட்டின் தெய்வம்! இந்தப் பாறைதான் கோயில், நான்தான் பூசாரி, அந்தக் காளான்தான் பிரசாதம்!"

"வரைந்தது நான்தானே?" என்று கூரன் மெல்லக் கேட்டது.

"உனக்குக் காட்டியது யார்? காளான்தானே!"

நாளடைவில் கூரனும் அப்படியே நம்பத் தொடங்கியது.

கூரனின் தோழி மருதி என்ற புள்ளிமான். சருகு அசைந்தாலும் காதை நிமிர்த்தும். சிறுத்தை வந்தால் முதலில் குரல் கொடுப்பது அதுதான். அந்தக் குரலை நம்பித்தான் மான்கூட்டம் மேய்ந்தது.

ஒருநாள் காலை மருதி வந்தது. "கூரா, பிறந்ததிலிருந்து நான் பயந்துகொண்டே இருக்கிறேன். நீ கண்டதை நானும் ஒருமுறை காண வேண்டும். காளான் தருவாயா?"

"இன்றைக்குக் காவல் யார்?"

"நான்தான். கொஞ்ச நேரம்தானே?"

கூரன் தயங்கியது. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். "நாளைக்கு வா, நானும் கூட இருக்கிறேன்" என்றாவது சொல்லியிருக்கலாம். ஆனால் தான் கண்டதைத் தோழியும் காண வேண்டும் என்ற ஆசை முந்திக்கொண்டது. காளானைக் கொடுத்துவிட்டுப் படம் வரையப் போய்விட்டது.

நண்பகலில் புல்வெளிப் பக்கம் மருதியின் சிரிப்புச் சத்தம் கேட்டது. கூரன் திரும்பிப் பார்த்தது. புல்லுக்குள் சிறுத்தை பதுங்கியிருந்தது. மருதி அதை நோக்கி நடந்துகொண்டிருந்தது.

"மருதி, ஓடு!"

"ஏன் ஓட வேண்டும்? அதன் உடம்பெல்லாம் எத்தனை பூக்கள், பார்! எனக்குப் பயமே இல்லை, கூரா!"

கூரனின் கூச்சலில் மற்ற மான்கள் சிதறி ஓடித் தப்பின. குட்டைக் கால்களால் கூரன் ஓடிச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மறுநாள் நரி வந்தது. "மருதி தெய்வத்தோடு கலந்துவிட்டது! அதையும் பாறையில் வரைந்து வை" என்றது.

"தெய்வம் இல்லை. சிறுத்தை" என்றது கூரன்.

நரி போன பிறகு, கூரன் மருதியை வரையத் தனியாக உட்கார்ந்தது. மருதிக்கு ஒரு காது கிழிந்திருக்கும். இடதா, வலதா? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. 'இத்தனை நாள் பக்கத்திலேயே இருந்தும் பார்க்காமல் விட்டேனே' என்று குமுறி அழுதது.

அன்றுமுதல் மான்கள் மேயும்போது கூரன்தான் காவல். அதன் கரகரத்த குரல் மான்களுக்குப் பழகவே வெகுநாளாயிற்று.

நீதி: பிறரைப் பரவசத்துக்கு அழைத்துப் போகிறவர், அவர்களைப் பத்திரமாகத் திரும்ப அழைத்துவரவும் கடமைப்பட்டவர்.