கடைசிப் பந்தி

பதநீரை விலைக்கு விற்காமல், கேட்டவருக்கெல்லாம் பனையோலைப் பட்டை நிறைய ஊற்றிக்கொடுத்த ஒரு காலம் இருந்தது, கேளுங்கள். அந்தக் காலத்தில், செம்மண் தேரி மேட்டின் ஓரத்தில் ஓலை வேய்ந்த ஒரு கோயில். அதில் வயதான ஒரு பாதிரியார்; ஊரார் அவரை ஐயர் என்பார்கள். அவருக்குக் கீழே வேதம் சொல்லிக்கொடுக்கும் மூன்று உபதேசிமார்.

ஐயருக்குக் கண் மங்கிவிட்டது. "அசனத்தன்று எனக்கு அடுத்தவனைச் சொல்வேன். தாழ்மையுள்ளவன் எவனோ, அவனுக்கே இந்தச் சபை" என்றார்.

அவ்வளவுதான். ஊரில் தாழ்மை கரைபுரண்டு ஓடியது!

அருமைநாயகம் செருப்பு விடும் இடத்தில் உட்கார்ந்து ஜெபித்தார். சுவிசேஷமுத்து அதற்கும் வெளியே, வெயிலில் உட்கார்ந்தார். நம்ம வேதமாணிக்கமோ குனிந்தே நடந்தார். எதிரே வருவது ஆளா மாடா என்று பார்க்காமல் கும்பிட்டார். முழங்காலில் காய்த்த ஜெபத் தழும்பு தெரியட்டுமென்று வேட்டியைக் கொஞ்சம் தூக்கியே கட்டினார். பாவம், அந்தக் கோயிலில் நின்று பிரசங்கம் செய்வதாகக் கனவு கண்டே தலை நரைத்த மனுஷன். சபை கைநழுவினால் தாங்கமாட்டார்.

அசனம் வந்தது. சபையார் எல்லாரும் சேர்ந்து பொங்கி, பந்தி பந்தியாக உண்ணும் விருந்து. கடைசிப் பந்தி எழுந்த பிறகே சமைத்தவர்கள் சாப்பிட வேண்டும் என்பது அவ்வூர் வழக்கம்.

ஊரே உண்டு எழுந்தது. கடைசிப் பந்தியாக உபதேசிமாருக்கும் ஐயருக்கும் இலை போட்டு, சோறும் போட்டாயிற்று. யாரும் உட்காரவில்லை.

"உட்காருங்க அண்ணாச்சி."

"உங்களுக்கு முன்னாலயா? நான் வெறும் புழு!" என்றார் அருமைநாயகம்.

"நீங்க புழுன்னா, நான் புழு ஊருத புழுதி!" என்றார் சுவிசேஷமுத்து.

"அந்தப் புழுதிக்கும் கீழ ஒண்ணு கிடந்தா, அது நாந்தான்" என்றார் வேதமாணிக்கம், இன்னும் கொஞ்சம் குனிந்து.

ஐயர் ஊன்றுகோலில் சாய்ந்து நின்றார். சோறு ஆறியது. குழம்பு ஆடை கட்டியது. காக்கை ஒன்று பந்தலுக்குள் இறங்கி, தாழ்மை ஏதுமில்லாமல் அப்பளத்தைத் தூக்கிக்கொண்டு போனது.

அடுப்படியிலிருந்து அன்னப்பழம் வந்தாள். விடியலிலிருந்து அண்டா கிண்டியவள். "ஏ உபதேசியாரே, உங்க தாழ்மை வேகுததுக்குள்ள எங்க குடல் வெந்துரும்லா!" என்று சிரித்தாள். சிரித்தவளுக்குக் கண் இருட்ட, பந்தல்காலைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் மற்ற பெண்கள் உதடு காய்ந்து நின்றார்கள்.

வேதமாணிக்கம் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். குனிந்தே நடந்தவருக்கு இத்தனை நாளும் ஒரு முகமும் தெரியவில்லையே!

உட்கார்ந்தால் சபை போச்சு. சட்டென்று சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "குழம்பு ஊத்துங்க. எனக்குப் பசிக்கு."

"பசி வந்ததும் தாழ்மை பறந்துட்டு, பாத்தீரா!" என்று மற்ற இருவரும் சிரித்தார்கள்.

ஐயர் மெல்ல வந்தார். "கொஞ்சம் தள்ளி இருடே. எனக்கும் ரொம்ப நேரமாப் பசி" என்று பக்கத்தில் உட்கார்ந்தார். ஐயரே உட்கார்ந்த பிறகு புழுவும் புழுதியும் நின்றுகொண்டிருக்க முடியுமா?

அள்ளி விழுங்கியதும் வேதமாணிக்கம் குழம்பு வாளியைத் தூக்கினார். "அக்கா, எல்லாரும் உட்காருங்க. நான் ஊத்துதேன்."

"அந்த வாளியைக் கீழ வச்சிராதடே" என்றார் ஐயர். "சபையும் அதுக்குள்ளதான் இருக்கு. இனி உன் பொறுப்பு."

தன் தாழ்மையையே பார்த்துக்கொண்டிருப்பவன் அல்ல, அடுத்தவர் பசியைப் பார்க்கிறவனே உண்மையான ஊழியக்காரன்.