பேட்டரி தீர்ந்த மைக்

“சொல்லியும் ஏன் மேடம் வரல?”

வகுப்பில் இதைக் கேட்டவர் துளசிநாதன். துணை தாசில்தார். பாதித் தலை நரைத்த பிறகு படிக்க வந்தவர்.

கேட்கப்பட்டவர் பிலோமினா. தீயணைப்பு மீட்புப் பணியில் இருந்தவர். இடிபாடுகளுக்குள் புகுந்து புகுந்து முழங்கையெல்லாம் தழும்பு. இப்போது பேரிடர் மேலாண்மை முதுகலை வகுப்பில் பாடம் எடுக்கிறார். மாணவரைவிடப் பத்து வயதாவது சின்னவர்.

அந்தத் துறையில் ஆசிரியர்கள் எல்லோருமே இப்படிக் களத்திலிருந்து வந்தவர்கள்தான். ஒருவர் வெள்ளத்தில் படகு ஓட்டியவர். இன்னொருவர் தீக்காய வார்டைப் பார்த்துக்கொண்டவர். பட்டறிவு மூட்டை மூட்டையாக உண்டு. நேராக ஒரு பதில் மட்டும் அவர்களிடம் வாங்கிவிட முடியாது.

“யார் சார் வரல?” என்றார் பிலோமினா.

“நண்டுமேட்டுக் குப்பத்துல ஒரு புருஷன் பொண்டாட்டி. வயசானவங்க. போன வருஷப் புயலப்போ நானே ஜீப்புல போனேன் மேடம். தெருத் தெருவா மைக்ல கத்தினேன். குப்பமே கெளம்பி பாதுகாப்பு மையத்துக்கு வந்துருச்சு. இவங்க ரெண்டு பேரும் மட்டும் வரல. விடிஞ்சு போய்ப் பாத்தா, கூரை அவங்க மேல கெடக்குது.”

துளசிநாதன் நோட்டை மூடி வைத்தார்.

“வீட்ட விட்டு வர மனசில்ல, பிடிவாதம். விசாரணையிலயும் அப்படித்தான் முடிவாச்சு. யாரும் என்னைய ஒரு வார்த்த கேக்கல. ஆனா எனக்குத் தூக்கம் வரல மேடம்.”

பிலோமினா சாக்பீஸைக் கீழே வைத்தார்.

“இப்ப கடல்ல மறுபடியும் ஒண்ணு உருவாகுதுங்குறாங்க. ஞாயித்துக்கிழம எனக்கு அதே குப்பத்துலதான் டூட்டி. இந்தத் தடவ ஒருத்தரையும் விடக்கூடாது. எப்படிச் சொன்னா வருவாங்க? அத மட்டும் சொல்லுங்க.”

பிலோமினா கரும்பலகையைத் துடைத்தார். அது ஏற்கெனவே துடைத்த பலகை.

“நாளைக்குக் காலையில மைதானத்துக்கு வாங்க சார்.”

*

மைதானத்தின் ஓரத்தில் பயிற்சிக்கென்று ஒரு குவியல் உண்டு. உடைந்த காங்கிரீட் பலகைகள், சிமெண்டுக் குழாய்கள், செங்கல். உள்ளே ஆள் படுக்கிற அளவுக்கு அங்கங்கே பொந்து விட்டிருப்பார்கள்.

பக்கத்தில் ஜபருல்லா நின்றிருந்தார். கூடப் படிப்பவர், ஆஸ்பத்திரியில் செவிலியர்.

“மேடம் எங்க?”

“உள்ள.”

“உள்ளன்னா?”

“இதுக்குள்ளதான் சார். எந்தப் பொந்துன்னு எனக்கும் தெரியாது. நீங்கதான் கண்டுபிடிக்கணுமாம். இதக் குடுக்கச் சொன்னாங்க.”

ஒரு விசில்.

துளசிநாதனுக்கு எரிச்சல் வந்தது. பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்கு விலை சொல்கிறார்களே என்று நினைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை புயல். இங்கே கண்ணாமூச்சி விளையாட்டு.

ஆனாலும் விசிலின் முறை அவருக்குத் தெரியும். நீளமாக ஒருமுறை ஊதினால், எல்லோரும் வேலையை நிறுத்திச் சத்தமில்லாமல் நிற்க வேண்டும். தேர்வில் இதை எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறார்.

நீளமாக ஊதினார்.

ஜபருல்லா மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றார்.

ஊதிய வாயை மூடாமலே துளசிநாதன் கத்தினார். “மேடம்! எங்க இருக்கீங்க? பயப்படாதீங்க! நாங்க வந்துட்டோம்!”

குவியலைச் சுற்றி நடந்தார். நடந்துகொண்டே கத்தினார். ஏறினார், இறங்கினார். அதற்கும் சேர்த்துக் கத்தினார்.

“சார், கொஞ்சம்…” என்று ஆரம்பித்தார் ஜபருல்லா.

“நேரமில்ல ஜபரு. அந்தக் கை மைக்க எடுத்துட்டு வாங்க.”

மைக் வந்தது. கையில் மைக் வந்ததும் துளசிநாதனுக்கு ஜீப்புக் குரல் தானாக வந்துவிட்டது.

“கவனிக்கவும்! கவனிக்கவும்! மீட்புக் குழு வந்துவிட்டது! உள்ளே இருப்பவர் உடனடியாகத் தாங்கள் இருக்கும் இடத்தைத் தெரிவிக்கவும்! கவனிக்கவும்! கவனிக்கவும்!”

வெயில் ஏறியது. பதில் இல்லை.

எரிச்சல் போய், இப்போது அவருக்குப் பயம் வந்துவிட்டது. பலகை ஏதாவது சரிந்திருந்தால்? உள்ளே காற்று இல்லாமல் மயங்கியிருந்தால்? நம்மைத் தேடச் சொன்னவரை நாமே கொன்றுவிடுவோமோ? பயம் கூடக்கூடக் குரலும் கூடியது.

“மேடம்! தயவுசெஞ்சு ஒரு சத்தம் குடுங்க மேடம்! மேடம்!”

மைக் கொர்ரென்றது. அப்புறம் ஊமையாகிவிட்டது. பேட்டரி தீர்ந்துபோயிருந்தது.

தட்டிப் பார்த்தார். உதறிப் பார்த்தார். வாயால் கத்தலாமென்று வாயைத் திறந்தார். தொண்டை கட்டிக்கொண்டு வெறும் காற்றுதான் வந்தது.

செய்வதற்கு ஒன்றுமில்லாமல் அப்படியே நின்றார்.

டொக். டொக். டொக்.

அவர் நின்றுகொண்டிருந்த பலகைக்கு அடியில் கேட்டது.

இருவரும் சேர்ந்து பலகையை நகர்த்தினார்கள். பிலோமினா தவழ்ந்து வெளியே வந்தார். புருவமெல்லாம் சிமெண்டுத் தூசி. கையில் ஒரு கூழாங்கல்.

“எவ்வளவு நேரமா மேடம் தட்டுறீங்க?” துளசிநாதனுக்குக் கீச்சுக்குரல்தான் வந்தது.

“நீங்க கூப்பிட ஆரம்பிச்சதுலேர்ந்து.”

“எனக்குக் கேக்கவேயில்லையே!”

பிலோமினா தண்ணீர் குடித்தார்.

“சரி மேடம். நேத்து ஒண்ணு கேட்டேனே. அதுக்குப் பதில்?”

பிலோமினா அந்தக் கல்லை அவர் கையில் வைத்தார். தூசியைத் தட்டிக்கொண்டு விடுதிப் பக்கம் நடந்துவிட்டார்.

துளசிநாதன் கல்லைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

“கோவிச்சுக்கிட்டாங்களா ஜபரு?”

“தெரியல சார்.”

“இந்தக் கல்லு எதுக்கு?”

“அதுவும் தெரியல சார்.”

தூக்கி எறிய மனம் வரவில்லை. ஆசிரியர் கொடுத்தது. பேன்ட் பையில் போட்டுக்கொண்டார்.

*

ஞாயிற்றுக்கிழமை வானம் ஈயப் பாத்திரம்போல் இருந்தது. ஜீப் நண்டுமேட்டுக் குப்பத்துக்குள் நுழைந்தது. ஓட்டுநர் பவுன்ராஜ். போன வருடமும் அவர்தான்.

துளசிநாதன் மைக்கை எடுத்தார். ஜீப்பின் தலையிலிருந்த ஒலிபெருக்கி அலறியது.

“கவனிக்கவும்! கவனிக்கவும்! இன்று இரவு புயல் கரையைக் கடக்கும்! பொதுமக்கள் அனைவரும் உடனடியாகப் பாதுகாப்பு மையத்துக்கு வரவும்!”

வேன்கள் வந்து நின்றன. சனம் பாத்திரம் பண்டத்தோடு ஏறியது. எல்லாம் போன வருடம் போலவே நடந்தது. அதுதான் அவருக்குக் கலக்கமாக இருந்தது. எதை மாற்றிச் சொல்வது? எந்தச் சொல்லை விட்டோம்? மைக்கில் பேசிக்கொண்டே யோசித்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

பையில் கிடந்த கல் தொடையில் உறுத்தியது. நகர்ந்து உட்கார்ந்தார். மறுபடியும் உறுத்தியது.

“பவுன்ராஜ், வண்டிய ஆஃப் பண்ணு.”

“ஏன் சார்? இன்னும் அந்தக் கோடித் தெரு பாக்கி இருக்கு.”

“ஏன்னு தெரியலப்பா. ஆஃப் பண்ணு.”

இன்ஜின் நின்றது. மைக்கையும் அணைத்தார். சவுக்குத் தோப்பில் காற்று அடிப்பது கேட்டது. அதற்கும் அப்பால் கடல்.

பவுன்ராஜ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். சாருக்கு உடம்பு சரியில்லையோ என்று அவருக்குத் தோன்றியது.

“இப்ப என்ன சார் பண்றோம்?”

“ஒண்ணும் பண்ணல.”

செருப்புச் சத்தம் கேட்டது. ஜீப்புக்குப் பின்னால் யாரோ ஓடி வந்துகொண்டிருந்தார்கள்.

ஒரு பெண். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். ஜீப்பின் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

“நின்னுட்டீங்களே சார்!” அவளால் நம்ப முடியவில்லை. “போன வருஷம் எங்க சித்தப்பா மாரியம்மன் கோயில் வரைக்கும் ஓடி வந்தாரு. நீங்க நிக்கவே இல்ல.”

“எந்தச் சித்தப்பா?”

“கூரை விழுந்து செத்தாரே சார். அந்தக் கோடி வீடு.”

துளசிநாதன் மைக்கைக் கீழே வைத்தார். “எதுக்கும்மா ஓடி வந்தாரு?”

“சித்திக்கு இடுப்பெலும்பு முறிஞ்சு படுத்த படுக்கை. தூக்க ரெண்டு ஆளு கேக்கத்தான். நாங்க வேன்ல ஏறிட்டோம், ஏறுன எடத்துலேர்ந்து பாத்தோம். உங்க ஜீப்பு பின்னாடி கையத் தட்டிக்கிட்டே ஓடுறாரு. நீங்க வாங்க வாங்கன்னு மைக்ல சொல்லிக்கிட்டே போயிட்டீங்க. அடுத்த வேன்ல ஏத்திருவாங்கன்னு நெனச்சோம்.”

பவுன்ராஜ் தலையைக் குனிந்துகொண்டார்.

“விசாரணைக்கு வந்தாங்களேம்மா, அப்ப ஏன் இதச் சொல்லல?”

“சொல்லியும் வரலதானேன்னு கேட்டாங்க சார். ஆமான்னோம்.”

துளசிநாதன் ஜீப்பைவிட்டு இறங்கினார். அன்றைக்கு மழை இரைச்சல், நேரமில்லை, மேலிடத்து உத்தரவு என்று சொல்வதற்கு நிறைய இருந்தது. எல்லாம் நாக்கு நுனிவரை வந்து நின்றன. மன்னிப்பும் அங்கேதான் நின்றது. பையிலிருந்த கல்லை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“நீ இப்ப எதுக்கும்மா ஓடி வந்த?”

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார்.