மூன்று சொம்பு மோர்

தூத்துக்குடிப் பக்கத்து உப்பளமொன்றில் உப்பு வாரிய சந்தனமாரி, அங்கே சுகாதாரத் தன்னார்வலரும்கூட. ஒதுங்க மறைவில்லாததால் பெண்கள் பகலில் தண்ணீரே குடிப்பதில்லை. குடத்தை ஏக்கத்தோடு பார்ப்பதோடு சரி. "நிறையக் குடிங்கக்கா" என்று சொல்லவே அவளுக்கு வாய் கூசியது.

கழிப்பறை கேட்டபோது முதலாளி சிரித்தார். "இருவது வருசமா யாருக்கும் அவசரம் வரலையே!"

அடுத்தமுறை அவர் வந்ததும், வெயிலுக்கு இதமாக மூன்று சொம்பு மோர் கொடுத்து உபசரித்தாள். சற்று நேரத்தில் முதலாளி நெளிந்தார். சுற்றிலும் வெட்டவெளி, நாற்பது பெண்கள்.

"எங்கம்மா ஒதுங்குறது?"

"பொழுது சாயட்டும் மொதலாளி. நாங்க அப்படித்தான் அடக்கிட்டுக் கெடக்கோம்."

மறுமாதமே கழிப்பறை எழுந்தது. பெண்கள் வயிறு முட்டத் தண்ணீர் குடித்தார்கள். இதே உப்பளத்தில் தண்ணீர் குடிக்காமலே உழைத்து, சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போன தன் அக்கா இதில் ஒரு வாய் குடித்திருக்கக் கூடாதா என்று நினைத்தபடி சந்தனமாரி குடத்தை மறுபடி நிரப்பினாள்.