முந்நூறு எழுதுகோல் முள்ளப்பன்

நாவல்குளத்துக் காட்டில் முள்ளப்பன் என்றொரு முள்ளம்பன்றி இருந்தார். 'இருந்தது' என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். எழுத்தாளர் அல்லவா! ஆகவே கதை முடியும் வரைக்கும் மரியாதை கொடுத்தே சொல்லி வைப்போம்.

அவர் எழுத்தாளர் ஆனதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. முதலாவது, முதுகில் முந்நூறு முள். "மற்றவர்கள் எழுதுகோல் தேடி அலைகிறார்கள். நான் எழுதுகோலோடு பிறந்தவன்" என்பார். இரண்டாவது, குளத்தின் பெயர். கரையைச் சுற்றி நாவல் மரங்கள் நின்றதால் குளத்துக்கு அந்தப் பெயர் வந்தது. முள்ளப்பன் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டார்.

"நாவல்குளத்தில் பிறந்தவன் நாவல் எழுதாமல் வேறு யார் எழுதுவது?" என்று தண்ணீர் குடிக்க வந்த மான்களை நிறுத்தி வைத்துக் கேட்டார். மான்களுக்கோ தாகம். "ஆமாங்க" என்று சொல்லிவிட்டுக் குடிக்கப் போயின.

ஒரே ஒரு சிக்கல். எழுத வேண்டுமானால் முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்க வேண்டும். பிடுங்கினால் வலிக்கும். ஒரு தடவை ஒரு முள்ளை லேசாக அசைத்துப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "காலம் இன்னும் கனியவில்லை" என்று விட்டுவிட்டார். தானாக உதிர்ந்து கிடந்த முள் ஒன்றைக் குரங்கு எடுத்து நீட்டியபோது, "உதிர்ந்த முள்ளில் உயிர் இருக்காதப்பா" என்று தள்ளிவிட்டார்.

அந்தக் காட்டில் ஐப்பசி பிறந்தால் மழை பிடித்துக்கொள்ளும். குளம் நிரம்பிப் பள்ளத்து வளைகளுக்குள் தண்ணீர் ஏறும். ஏறாத வளை ஒன்றே ஒன்று, பெரிய நாவல் மரத்தடி மேட்டில் இருந்தது. அதைக் கதைக்காரருக்கு என்று காட்டார் ஒதுக்கி வைத்திருந்தார்கள். மழைக்கு முன்னால் சபையில் ஒரு புதுக் கதை சொல்ல வேண்டும். அதைப் பேசிப் பேசியே எல்லோரும் மழைக்காலத்தை ஓட்டிவிடுவார்கள். அதற்குத்தான் அந்த மேட்டு வளை.

முள்ளப்பன் அதில் குடியேறி இரண்டு மழை ஆகிவிட்டது. முதல் வருடம், "தலைப்பு வைத்தாயிற்று" என்றார். தலைப்பு 'பிரளயத்தின் பெருமூச்சு'. இரண்டாம் வருடம், "முன்னுரை உருவாகிக்கொண்டிருக்கிறது" என்றார். மூன்றாம் வருடம் புரட்டாசியில் காட்டுத் தலைவர் யானை நேரே மேட்டுக்கு வந்து நின்றார்.

"ஏம்ப்பா முள்ளப்பா, வர்ற அமாவாசை காலையில சபை கூடுது. வந்து கதையைச் சொல்லு. இல்லேன்னா வளையைக் காலி பண்ணு."

முள்ளப்பன் வளையின் உலர்ந்த தரையைத் தடவிப் பார்த்தார். அவருக்கு ஈரம் ஆகவே ஆகாது. ஒரு சொட்டுத் தண்ணீர் வயிற்றில் பட்டால் ஒன்பது தும்மல் போடுவார். மேட்டு வளை போனால் அவருக்குப் பள்ளம்தான் கதி.

உடனே வேலையில் இறங்கினார். அதாவது, நரியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

நரிதான் காட்டின் விமர்சகர். எந்தக் கதைக்கும் அவர் சொன்னால்தான் மதிப்பு என்று நரியே சொல்லியிருந்தார். வந்ததும் முள்ளப்பன் தோண்டி வைத்திருந்த வள்ளிக்கிழங்கில் ஒன்றை எடுத்துக் கடித்தார்.

"நாவல் எந்த அளவுல இருக்குங்க ஐயா?"

"மனத்தில் முழுவதும் இருக்கிறது. ஓலையில் இறக்க வேண்டியதுதான் பாக்கி."

"அப்படீன்னா அணிந்துரையை இப்பவே எழுதிடறேன். படிச்சுட்டு எழுதினா பாருங்க, நம்ம பார்வை கெட்டுப்போயிரும்."

முள்ளப்பனுக்கு அந்தப் பேச்சு ரொம்பப் பிடித்துவிட்டது. இன்னும் நான்கு கிழங்கு கொடுத்தார்.

அடுத்தபடியாக ஒத்திகை. அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. கதை கேட்பவர் உம் கொட்ட வேண்டும். உம் நின்றுபோனால் கதை செத்துவிட்டது என்று பொருள். சொன்னவர் பேசாமல் எழுந்துபோக வேண்டியதுதான். நாவல் மரப் பொந்தில் ஓர் ஆந்தை குடியிருந்தார். முள்ளப்பன் தினமும் உச்சி வெயில் நேரத்தில் மரத்தடியில் உட்கார்ந்து, மனத்தில் இருந்த வாக்கியங்களை ஆந்தைக்கு எடுத்து விட்டார்.

"ஊழிக்காலத்தின் உன்மத்தக் கருமுகில்கள் ஒப்பாரி வைத்தன!"

"உம்" என்றார் ஆந்தை.

"விசும்பின் விழிகள் வெடித்து விம்மின!"

"உம்" என்றார் ஆந்தை, அதே குரலில்.

முள்ளப்பன் பூரித்துப்போனார். பட்டப்பகலில் ஓர் ஆந்தை என்ன செய்துகொண்டிருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. புகழ் வரும்போது அதையெல்லாம் யார் யோசிக்கிறார்கள்?

இப்படி ஒரு நாள் விசும்பு விம்மிக்கொண்டிருந்தபோது, பள்ளத்து வளையில் இருக்கும் வெள்ளெலி பூவாயி மேடேறி வந்தாள். மூன்று குஞ்சுகளின் தாய். வாயில் ஏதாவது கவ்விக்கொண்டு எப்போதும் ஓட்டமும் நடையுமாக இருப்பவள்.

"அண்ணே, ஒரு விசயம் பாத்தீங்களா? எறும்பெல்லாம் முட்டையைத் தூக்கிக்கிட்டுப் பள்ளத்தைவிட்டுக் கிளம்பிருச்சு. நண்டுகூடக் கரையை மாத்திருச்சு. தண்ணி இந்த வாட்டி சீக்கிரமே..."

"பூவாயி, நான் வெள்ளத்தின் கொடுமையைச் சித்தரித்துக்கொண்டிருக்கிறேன். குறுக்கே வந்து எறும்பு, நண்டு என்று பேசினால் எப்படி?"

"நீங்க வெள்ளத்தைப் பாத்திருக்கீங்களாண்ணே?"

"எதற்குப் பார்க்க வேண்டும்? கற்பனை இருக்கிறதே" என்றார் முள்ளப்பன். வளைக்குள் போய், வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். முந்நூறு முள்ளும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றன. அவர் வளைக்குக் கதவு என்றால் அதுதான்.

பூவாயி கொஞ்ச நேரம் அந்த முள்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இறங்கிப் போனாள். போன மழையிலும் இப்படித்தான் யாரோ வாசலில் வந்து கத்தினார்கள் என்று முள்ளப்பனுக்கு ஓர் அரை நினைவு வந்தது. யார் என்று அவர் திரும்பிப் பார்த்திருக்கவில்லை. முன்னுரை உருவாகிக்கொண்டிருந்த நேரம் அது.

அமாவாசை வந்தது. காலையிலேயே நாவல் மரத்தடியில் சபை கூடிவிட்டது. யானை நடுவில் நின்றார். மான்கள், காட்டுப்பன்றி, குரங்கு, உடும்பு என்று எல்லோரும் வந்திருந்தார்கள். பூவாயியும் குஞ்சுகளோடு ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். பொந்தில் ஆந்தை இருந்தார்.

முள்ளப்பன் முள்களைச் சிலிர்த்துக்கொண்டு எழுந்தார். முதலில் நாவலைத் தமக்கே சமர்ப்பணம் செய்தார். பிறகு நன்றி சொன்னார். பிறகு நரி எழுந்து அணிந்துரை வாசித்தார். அது வெயில் ஏறும் வரைக்கும் போயிற்று. காட்டுப்பன்றி இரண்டு தடவை எழுந்துபோய்ச் சேற்றில் புரண்டுவிட்டு வந்தது.

கடைசியில் நாவல் தொடங்கியது. "ஊழிக்காலத்தின் உன்மத்தக் கருமுகில்கள் ஒப்பாரி வைத்தன!"

"உம்" என்றார் ஆந்தை.

"யாரு செத்துப்போனாங்க?" என்று மான் அக்கறையாகக் கேட்டது.

"யாரும் சாகவில்லை. முகில்கள் ஒப்பாரி வைக்கின்றன."

"யாரும் சாகாம எதுக்குங்க ஒப்பாரி?"

"அது குறியீடு" என்றார் முள்ளப்பன்.

மான் பக்கத்து மானைப் பார்த்தது. முள்ளப்பன் விசும்பை விம்ம வைத்தார். திசைகளைத் தேம்ப வைத்தார். காற்றைக் கதற வைத்தார். யானை துதிக்கையால் காதைச் சொறிந்துகொண்டே கேட்டார்: "அழுகை எல்லாம் சரிப்பா. இதுல யாருக்கு என்ன ஆகுது?"

"அதெல்லாம் இரண்டாம் பாகத்தில் வரும். தலைவருக்குப் புரியவில்லை என்றால் நான் என்ன செய்வது? ரசனை உள்ள ஆந்தையார் ஒரு வாக்கியம் விடாமல் உம் கொட்டுகிறார், கேட்கவில்லையா?"

"ஒரு நிமிசம் வாயை மூடுங்க" என்றது குரங்கு.

முள்ளப்பன் திகைத்துப்போய் வாயை மூடினார். சபையே அமைதியாகிவிட்டது.

"உம்" என்றார் ஆந்தை. கொஞ்சம் பொறுத்து மறுபடியும், "உம்."

"குறட்டை" என்றது குரங்கு.

சபை சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்து இலை உதிர்ந்தது. முள்ளப்பனுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. இத்தனை நாளும் தம் வாக்கியங்களைத் தாலாட்டாகப் பாடியிருக்கிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. உதவிக்கு நரியைத் தேடினார். நரி அதற்குள் காட்டுப்பன்றிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "எனக்கு அப்பவே சந்தேகம்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

யானை சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்தார். "வேற யாருகிட்டயாவது கதை இருக்கா?"

பூவாயி எழுந்தாள். "எனக்குக் கதையெல்லாம் தெரியாதுங்க. தண்ணி சீக்கிரம் வரப்போகுது, அதைச் சொல்லத்தான் வந்தேன். போன வருசமும் இப்படித்தான், முதல்ல எறும்பு கிளம்புச்சு. நான் அதைக் கண்டுக்கலை."

"அப்புறம்?" என்றது மான்.

"மறுநாள் வளையோட பின்சுவரு குளுந்துபோய்க் கிடந்துச்சு. நான் நெனச்சேன், தண்ணி வாசல் வழியாத்தான் வரும்னு. அது பின்னால சுவத்தைக் கரைச்சுக்கிட்டு வந்துச்சுங்க. வரும்போது சத்தமே இல்லை. சின்னவன் தூக்கத்துல காலை உதறினான். அதுலதான் முழிச்சேன்."

"அப்புறம்?" என்றது குரங்கு. அதன் கையில் உரித்த பழம் அப்படியே இருந்தது.

"நாலு குஞ்சு. எனக்கு ஒரு வாய்தானே. ஒவ்வொண்ணாக் கவ்விக் கொண்டுவந்து வெளியில ஒரு கல்லு மேல வெச்சேன். எதை முதல்ல எடுக்கிறதுன்னு நின்னேன் பாருங்க, அந்த நேரத்தை நான் இன்னும் மறக்கலை. நாலையும் எடுத்துட்டேன். கல்லும் முங்க ஆரம்பிச்சிருச்சு."

"அப்புறம்?" இப்போது யானையே கேட்டார்.

"மேட்டுக்கு ஓடிவந்தேன். இந்தா இந்த வளைதான். 'அண்ணே, புள்ளைங்களை ஒரு ஓரமா விட்டுக்கிறேன், மழை விட்டதும் எடுத்துக்கிறேன்'னு கூப்பிட்டேன். வாசல்ல முள்ளு நின்னுச்சு. மூணு வாட்டி கூப்பிட்டேன்."

சபை முழுவதும் முள்ளப்பன் பக்கம் திரும்பியது. அந்தக் குரல் யாருடையது என்று முள்ளப்பனுக்கு இப்போது தெரிந்துவிட்டது. அவர் தரையைப் பார்த்தார்.

"ஏன் வழி விடலை?" என்று மான் மெதுவாகக் கேட்டது.

"அவரு வெள்ளத்தைப் பத்தி எழுதிக்கிட்டு இருந்தாருங்க" என்றாள் பூவாயி. அவள் குத்திக்காட்டவில்லை. நடந்ததைத்தான் சொன்னாள்.

ஒருவரும் உம் கொட்டவில்லை. உம் கொட்ட வேண்டும் என்பதே யாருக்கும் நினைவில் இல்லை. அப்போது பொந்திலிருந்து ஒரு குரல் வந்தது. ஆந்தை இரண்டு கண்ணையும் அகலத் திறந்துகொண்டு, கொளுத்தும் வெயிலில் தலையை வெளியே நீட்டியிருந்தார்.

"அப்புறம்?" என்றார்.

"திரும்பி ஓடினேன். மூணுதான் இருந்துச்சுங்க" என்றாள் பூவாயி. குஞ்சுகளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

காட்டுப்பன்றி மூக்கை உறிஞ்சியது. கடைசியில் யானை துதிக்கையை நீட்டி மேட்டு வளையைக் காட்டினார். "பூவாயி, புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு அங்க போம்மா. முள்ளப்பா, நீ பள்ளத்துக்குப் போ."

பூவாயி சொன்னபடியே மழை சீக்கிரமாக, நான்காம் நாளே வந்தது. முள்ளப்பன் பள்ளத்து வளையில் வாசலைப் பார்த்தபடி, உன்மத்தக் கருமுகிலுக்காகக் காத்திருந்தார். தண்ணீர் சத்தமில்லாமல் பின்சுவரைக் கரைத்துக்கொண்டு வந்து அவர் வயிற்றைத் தொட்டது. ஒன்பது தும்மல் போட்டார். குளிர்ந்த தண்ணீரில் நின்றபோது, கல்லில் நான்கு குஞ்சுகளை வைத்துவிட்டு ஓடிவந்தவளின் குரல் அவருக்குத் திரும்பத் திரும்பக் கேட்டது. வெட்கமாக இருந்தது. முதல் தடவையாக அந்த வெட்கத்துக்குக் குறியீடு எதுவும் அவர் தேடவில்லை.

மறுநாள் காலையில் மழை சற்று விட்டது. அவர் ஒரு பாறை மேல் ஏறி உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கினார். "ஐயோ!" என்று அலறியது குளத்தின் அக்கரைக்குக் கேட்டது. ஓலையை எடுத்து ஒரு வரி எழுதினார்: 'வெள்ளம் வந்த அன்று நான் கதவைத் திறந்தேன்.' அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு 'திறந்தேன்' என்பதை அடித்துவிட்டு, 'திறக்கவில்லை' என்று எழுதினார். பிடுங்கின இடத்தைவிட அந்த ஒரு சொல் அதிகமாக வலித்தது.

அலறல் கேட்டு நரி வந்து சேர்ந்தார். "ஐயா எழுத ஆரம்பிச்சுட்டீங்க போல. அணிந்துரை தயாரா இருக்கு. ரெண்டு கிழங்கு போதும்."

முள்ளப்பன் மிச்சமிருந்த இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது முள்களையும் சிலிர்த்துக் காட்டினார். நரி போன வேகத்தில் மூன்று புதர்கள் சாய்ந்தன. முள்ளப்பன் ஓலையை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு நடந்தார். வளை வாசலில் பூவாயி எறும்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அந்த ஒரு வரியைப் படித்துக் காட்டினார்.

பூவாயி எறும்புகளை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். பிறகு கேட்டாள்: "அப்புறம்?"

முதுகு நிறைய எழுதுகோல் இருந்தாலும், வாசலில் வந்து நிற்பவரின் குரலைக் கேட்காமலும் தன் குற்றத்தை எழுதத் துணியாமலும் ஒருவர் கதாசிரியர் ஆக முடியாது.