தலை சிறுத்த சிலை

பெரியோரே, பிள்ளைகளே, காது கொடுங்கள். ஏழு குன்றுகளின்மேல் ரோமாபுரி எழுந்து, அரசர்கள் ஒருவரையொருவர் தள்ளிவிட்டு அரியணை ஏறிய காலம் அது.

அந்த நகரத்தில் ஒரு வழக்கம் இருந்தது. அரசன் வீழ்ந்தால் அவன் சிலையை உடைக்கமாட்டார்கள். நல்ல பளிங்கு எளிதில் கிடைக்காது. பழைய முகத்தைச் செதுக்கி, அதற்குள்ளிருந்தே புதியவனின் முகத்தை எடுப்பார்கள்.

சந்தைச் சதுக்கத்தில் நின்ற பெரிய சிலையைச் செய்தவன் புரோக்குலன் என்னும் சிற்பி. லூரியன் ஆண்டபோது லூரியன் முகம் வைத்தான். லூரியனைக் கொன்று ஹெல்வியன் வந்தான். புரோக்குலன் லூரியன் மூக்கைச் சீவி ஹெல்வியன் முகத்தை எடுத்தான். தலை இரண்டு விரல் சிறுத்தது. சிற்பியின் மனமும் சிறுத்தது. தான் படைத்ததைத் தானே அழித்தவனை என்னவென்று அழைப்பது? ஐம்பது வயதைத் தாண்டியும் அவனுக்கு விடை கிடைக்கவில்லை.

ஹெல்வியனை விரட்டிவிட்டுத் தொரானியன் வந்தான். வந்த மறுநாளே சிற்பியை அழைத்தான்.

“பத்தாம் நாள் என் வெற்றி ஊர்வலம். அதற்குள் அந்தச் சிலையில் என் முகம் இருக்க வேண்டும். முன்னவர் இருவரின் தலையைவிடப் பெரிதாக!”

“அரசே, கல்லில் குறைக்கலாம், கூட்ட முடியாது. இன்னும் செதுக்கினால் யானை உடம்பில் எலுமிச்சங்காய் வைத்த மாதிரி இருக்கும்.”

“ஹெல்வியனுக்கு மட்டும் முடிந்ததோ?”

“முடிந்தது. பயந்து செய்தேன். இனி அந்தச் சிலையில் உளி வைக்கமாட்டேன்.”

அரசன் அரியணையிலிருந்து எழுந்தான்.

“முகம் இல்லையென்றால் உன் கட்டைவிரல் இரண்டும் இல்லை” என்றான் அரசன்.

கட்டைவிரல் போன சிற்பி உளியை எப்படிப் பிடிப்பான்?

“இத்தனை வருடம் வராத ரோஷம் இப்போதுதான் வந்ததோ?” என்றாள் வீட்டில் அவன் மனைவி வீபியா. “செதுக்கிவிட்டு வந்து ரொட்டியைத் தின்னுங்கள். இவன் மட்டும் எத்தனை நாள் இருக்கப்போகிறான்?”

“அதனால்தான் மாட்டேன் என்கிறேன். அடுத்தவனும் என்னிடம்தானே வருவான்?”

மூன்றாம் நாள் காவலன் வந்து கேட்டான். “மாட்டேன்” என்றான் புரோக்குலன். ஆறாம் நாள் மந்திரி வந்து கேட்டார். “மாட்டேன்” என்றான். ஒன்பதாம் நாள் அரசனே பட்டறைக்கு வந்தான். கோடரியுடன் ஒருவனும் வந்தான்.

புரோக்குலன் இரு கைகளையும் கல்மேல் நீட்டினான்.

“வெட்டுங்கள். அதற்கு முன் முகத்தைப் போர்வையால் மூடிக்கொண்டு சதுக்கத்துக்குப் போங்கள். சிலை யாருடையது, பக்கத்துத் தொட்டியில் விழும் தண்ணீர் யாருடையது என்று மூன்று பேரைக் கேளுங்கள்.”

அரசனுக்கு ஆவல் அடங்கவில்லை. போனான்.

குடம் நிறைத்தவள் சொன்னாள்: “யாரோ ஓர் அரசன். மூஞ்சி மாறிக்கொண்டே இருக்கும், யார் கண்டது? தண்ணீரா? லூரியன் தண்ணீர். மலையிலிருந்து கால்வாய் வெட்டிக் கொண்டுவந்தவர் அவர்தானே!”

கழுதைக்காரன் சொன்னான்: “என் கழுதை முதுகு சொறிய நல்ல பீடம்! யார் சிலையோ! தண்ணீர் மட்டும் லூரியன் தண்ணீர்.”

மூன்றாமவன் ஒரு கையிழந்த கிழச் சிப்பாய். “ஹெல்வியனுக்காக இந்தக் கையைக் கொடுத்தேன். சிலை அவருடையதாம், ஜாடையே இல்லை.”

“தண்ணீர்?”

சிப்பாய் தலை குனிந்தான். “லூரியன் தண்ணீர். அவன் பெயரைச் சொன்னால் சவுக்கடி என்று ஹெல்வியன் பறையறைவித்தார். வாய் கேட்கவில்லையே, ஐயா.”

தொரானியன் நெடுநேரம் சிலையை அண்ணாந்து பார்த்தான். பட்டறைக்குத் திரும்பியபோது புரோக்குலன் மறுபடியும் கைகளைக் கல்மேல் வைத்தான்.

“வெட்டலாமா, அரசே?” என்றான் கோடரிக்காரன்.

“வேண்டாம்” என்றான் அரசன். பிறகு சிற்பியைப் பார்த்து, “ஆற்றுக்கு அக்கரையில் தண்ணீர் இல்லாத தெருக்கள் எத்தனை?” என்று கேட்டான்.

மறுநாள் ஊர்வலம் ஹெல்வியன் முகத்தைத் தாண்டியே போனது. மறுமாதம் அக்கரைக்குக் கால்வாய் வெட்டத் தொடங்கினார்கள். அதற்குக் கல் கொத்தியவன் புரோக்குலன். தொரானியன் நல்லவனாகிவிட்டான் என்று சொல்ல முடியாது. புகழுக்காகத்தான் வெட்டினான். குடித்தவர்களின் தாகம் அதைக் கேட்கவில்லை.

கேட்டவர்களே, மனத்தில் வையுங்கள்: கல்லில் வைத்த முகத்தை அடுத்தவன் உளி அழித்துவிடும், மக்களுக்குச் செய்த நன்மையை எந்த உளியாலும் அழிக்க முடியாது.